அக்கரை வந்து சேரும் விலை

மட்டக்களப்புப் படுவான்கரையில் கடை வைத்திருக்கிறவன் ஒரு சாமானுக்கு இரண்டு விலை படிக்க வேண்டும். ஒன்று, காத்தான்குடியிலோ கொழும்பிலோ முதலாளி சொல்லும் விலை. மற்றது, அந்தச் சாமான் ஆற்றைக் கடந்து என் கடை விறாந்தையில் இறங்கும்போது ஆகியிருக்கும் விலை. முதலாவதை யாரும் சொல்லுவார்கள். இரண்டாவதை நாமேதான் கூட்டிப் பார்க்க வேண்டும். வியாபாரத்தில் அதற்கு அடக்கம் என்று பெயர். இப்போது போனைத் திறந்தால் வரிசையாகக் கடைகள் முதல் விலையை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டுகின்றன. மொத்தமாக வாங்கு, மிச்சம் பிடி என்கின்றன. நானும் ஒன்லைனில் வாங்குகிறேன், ஊராருக்கும் வாங்கிக் கொடுக்கிறேன். ஆனால் எதை வாங்குவது, எதைத் தொடாமல் விடுவது என்று எனக்குச் சொல்லித் தந்தது போன் அல்ல, அப்பாவின் கணக்குக் கொப்பி.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். நாங்கள் அதை ஆறு என்றுதான் சொல்வோம். கடல் பக்கம் எழுவான்கரை. பட்டணம், ஆசுபத்திரி, காத்தான்குடி மொத்தக் கடைகள் எல்லாம் அங்கே. மேற்குப் பக்கம் படுவான்கரை. வயலும் குளமும் மாடும் எங்களிடம். 2014 ஏப்ரலில் ஜப்பான் உதவியோடு கட்டிய மண்முனைப் பாலம் திறக்கும்வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கடைக்காரருக்கு மண்முனைத்துறைப் பாதைதான் வழி. பாதை என்றால் ஆளும் மாடும் வண்டிலும் ஏறிப்போகும் மிதவை. அதை விட்டால் வலையிறவு, வவுணதீவு என்று சுற்ற வேண்டும். பாலத்தின் நீளம் 210 மீற்றர். அந்த 210 மீற்றரைக் கடக்க அப்பா செலவழித்த காசையும் நேரத்தையும் இன்றைய பொடியனுக்குச் சொன்னால் கதை விடுகிறேன் என்பான்.

காத்தான்குடியில் வாங்கிய மூட்டை வண்டிலில் ஏறும், துறையில் இறங்கும், பாதையில் ஏறும், அக்கரையில் இறங்கும், மறுபடி வண்டிலில் ஏறும், கடையில் இறங்கும். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் கூலி, ஒவ்வோர் இறக்கத்துக்கும் கூலி. மாரியில் வாடைக்காற்று அடித்தால் பாதை ஓடாது. ஓடினாலும் தண்ணீர் தெறித்து மூட்டையின் அடி நனையும். அடி நனைந்த சீனி கல்லாகிவிடும். அப்பா அதை உலக்கையால் உடைத்துத் தேத்தண்ணிக் கடைக்கு விலை குறைத்துக் கொடுப்பார். அவருடைய கொப்பியில் இடப்பக்கம் முதலாளி போட்ட விலை இருக்கும். வலப்பக்கம் வண்டில் கூலி, பாதைக் காசு, ஏற்றுகூலி, இறக்குகூலி, நனைந்தது, எலி கடித்தது, சாக்கில் ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் கூட்டி, கையில் மிஞ்சிய கிலோவால் பிரித்து அடியில் ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதுதான் விலை.

யுத்த காலத்தில், 2007 வரை, ஆற்றுக்கு இக்கரை ஒரு நிர்வாகம், அக்கரை வேறொரு நிர்வாகம். சோதனைச் சாவடியில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டிக் காட்ட வேண்டும். பட்டரி, மண்ணெண்ணெய், சீமெந்து, உரம் போன்றவை அளவுக்கு மேல் போகாது. சில நாள் எதுவுமே போகாது. மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற சட்டம் அந்தக் காலத்தில் எங்களிடம் செல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு வருவதுதான் பிழைக்கும் வழி. அந்தத் தலைமுறைக் கடைக்காரர்கள் இன்றும் எதையும் இரண்டு மூட்டைக்கு மேல் அடுக்க மாட்டார்கள். காரணம் கேட்டால் சிரிப்பார்கள்.

பாலம் வந்த பிறகு லொறி வாசலுக்கு வந்தது. அப்போதுதான் மொத்த வியாபாரத்தின் உள்விவரம் எனக்கு விளங்கத் தொடங்கியது. இலங்கைக்கு வரும் பருப்பு, சீனி, செத்தல் மிளகாய், பம்பாய் வெங்காயம் எல்லாவற்றுக்கும் விலை பேசும் இடம் கொழும்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெரு. மைசூர்ப் பருப்பு கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. கப்பல் பிந்தினாலும் டொலர் ஏறினாலும் அன்று காலையிலேயே அது விலையாகிவிடும். காத்தான்குடி முதலாளிமார் காலையில் அங்கே போன் போட்டுக் கேட்பார்கள். நான் அவர்களிடம் கேட்பேன். ஹபரணை, பொலன்னறுவை, வாழைச்சேனை வழியாக இரவில் ஓடும் லொறி விடிய முதல் வந்து நிற்கும்.

முதலாளியிடம் வாங்குவது விலையை மட்டும் வாங்குவதல்ல. தவணை தருவார், செக்கைப் பிந்தி மாற்றுவார், வண்டு விழுந்த மூட்டையைத் திருப்பி எடுப்பார். அதைவிடப் பெரியது அவருடைய வாய்ச்சொல். "இந்தப் பருப்ப எடுக்காதீங்க தம்பி, பழசு. ரெண்டு நாள் பொறுங்க, புதுச் சரக்கு வருது" என்று, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் முதலாளி ஒருவர் எனக்கு விற்காமல் அனுப்பிய நாட்கள் உண்டு. மூட்டையில் ஊசியைக் குத்தி, உள்ளங்கையில் பத்துப் பருப்பை உருட்டி, ஒன்றைப் பல்லில் கடித்துக் காட்டுவார். பழம் பருப்பு கடிக்கும்போது சத்தமே வேறு. வேகுவதற்கும் விறகு கூட வேண்டும். போனில் எந்தப் படத்திலும் பருப்பு செம்மஞ்சளாக, குண்டாக, அழகாகத்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்துக்கு ஒன்லைன் வியாபாரம் எந்தக் கம்பனியோடும் வரவில்லை. அது 2020 மார்ச் ஊரடங்கோடு வந்தது. ஊரடங்குக்கு ஓரிரு நாள் முன்னர் அரசாங்கம் மைசூர்ப் பருப்பு கிலோ 65 ரூபாய், ரின்மீன் 100 ரூபாய் என்று உச்ச விலை போட்டது. அதைவிடக் கூடிய விலைக்கு வாங்கி வைத்திருந்தவன் எப்படி விற்பான்? பருப்பு கடைகளிலிருந்து காணாமல் போனது. ஏப்ரல் கடைசியில் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். பருப்பும் திரும்பி வந்தது. விலையை அடக்கத்துக்குக் கீழே அமுக்கினால் சாமான் ஒளிந்துகொள்ளும் என்பதை அந்த ஆறு கிழமை நாடு முழுவதும் படித்தது. கடைக்காரனுக்கு அது பழைய பாடம்.

வீட்டை விட்டு வெளியே வர முடியாத சனம் வட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பத் தொடங்கியது. எழுதத் தெரியாதவர்கள் குரலில் அனுப்பினார்கள். "மனே, அரிசி ஒரு பத்து, சீனி ரெண்டு, சவுக்காரம் ஒண்டு, வெத்திலை இருந்தா வையி" என்று ஒரு கிழவியின் குரல். பின்னால் கோழி கொக்கரிக்கும். அந்தப் பட்டியல்களை ஒரு தெருவுக்கு ஒன்றாகச் சேர்த்து, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி இறக்கினோம். ஒரு தெருவுக்கு ஒரு ஓடர் என்றால் போக்குவரத்துச் செலவு எப்படி விழுகிறது என்பதை அப்போது கையால் கண்டேன். அதே காலத்தில் சீனாவில் குடியிருப்புத் தொகுதிக்கு ஒருவர் ஓடர்களைச் சேர்த்து மொத்தமாக இறக்கிக் கொடுக்கும் வழக்கம் பெரிய வியாபாரமாகிக்கொண்டிருந்ததாம். நமக்கு அதெல்லாம் பின்னால்தான் தெரியும்.

பிறகு வந்தது 2021, 2022. 2021 ஓகஸ்ட் கடைசியில் அத்தியாவசிய உணவுக்கு அவசரகாலச் சட்டம் போட்டுச் சீனிக் களஞ்சியங்களைத் திறந்தார்கள். டொலர் 200 ரூபாயிலிருந்து 2022 மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். காலையில் ஒட்டிய விலைச் சீட்டை மாலையில் மாற்றினோம். போனும் டேற்றாவும் இருந்த இளம் பிள்ளைகள் தராஸ் போன்ற தளங்களிலும் பேஸ்புக் பக்கங்களிலும் விலை தேடத் தொடங்கியது அப்போதுதான். கடைக்கு வந்து போனை என் முகத்துக்கு நேரே பிடிப்பார்கள். "அண்ணன், இங்க பாருங்க, சீனி உங்களவிட இருபது ரூபா குறைய." கோபமாகக் கேட்பவர்களைவிடச் சிரித்துக்கொண்டு கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

நான் அவர்களுக்கு அப்பாவின் கொப்பி முறையைத்தான் காட்டினேன். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: ஐந்து கிலோ சீனியில் கிலோவுக்கு 20 ரூபாய் மிச்சம் என்றால் மொத்தம் 100 ரூபாய். கூரியர் முதல் கிலோவுக்கு ஒரு கட்டணமும் அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் இன்னொன்றும் வாங்கும். ஐந்து கிலோவுக்கு 600 ரூபாய் வருகிறதென்று வையுங்கள். 100ஐ மிச்சம் பிடிக்க 600 கொடுக்கிறீர்கள். அதே கூரியரில் கால் கிலோ ஏலக்காய் வந்தால்? ஏலம் கிலோ ஆயிரங்களில் போகிற சாமான். கால் கிலோவில் நல்ல வீதம் குறைந்தால் கூரியர் காசு தாண்டிவிடும். ஆக, பாரம் கூடி விலை குறைந்த சாமான் கிட்டத்தில் வாங்க வேண்டும். பாரம் குறைந்து விலை கூடிய சாமான் எவ்வளவு தூரத்திலிருந்தும் வரலாம். அரிசி, மா, சீனி, உப்பு, தேங்காய் ஒரு பக்கம். ஏலம், கராம்பு, மிளகு, நல்ல தேயிலை, குழந்தைக்குப் பம்பஸ், தலைக்கு வைக்கும் சம்பூ மறுபக்கம். பருப்பும் செத்தல் மிளகாயும் நடுவில் நிற்கும். அவற்றுக்கு ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்க்க வேண்டும்.

இலவச டெலிவரி என்று போட்டிருந்தால்? இலவசம் என்று ஒன்று இல்லை. லொறிக்கு யாரோ டீசல் அடிக்கிறார்கள். பெரும்பாலும் அது சாமான் விலைக்குள் ஒளிந்திருக்கும். அல்லது இவ்வளவு ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் இலவசம் என்று இருக்கும். அந்தத் தொகையை எட்டுவதற்காக வேண்டாத இரண்டு சாமானைக் கூடைக்குள் போட வைப்பார்கள். நவம்பர் 11 மலிவு விற்பனை வந்தால் எங்கள் ஊரில் நடுச்சாமத்திலும் போன் வெளிச்சம் தெரிகிறது. அதில் நல்ல விலையும் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பே விலையைக் கொப்பியில் குறித்து வைத்தவனுக்குத்தான் அது நல்ல விலையா என்று தெரியும்.

பெரிய பொதி என்றால் மலிவு என்பதும் அப்படித்தான். 2021 ஒக்டோபரில் இறக்குமதிப் பால்மா 400 கிராம் பக்கெற் 480 ரூபாய், ஒரு கிலோ பக்கெற் 1,195 ரூபாய். சின்னப் பக்கெற்றைக் கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் 1,200. ஐந்து ரூபாய்தான் வித்தியாசம்! 2022 மார்ச்சில் 790, 1,945 என்று ஏறியபோதும் கிலோவுக்கு 30 ரூபாய்க்கு மேல் மிச்சமில்லை. ஒரு கிலோ பக்கெற்றைத் திறந்து, மாரியின் ஈரக்காற்றில் கட்டிபட்டு, கடைசி நூறு கிராமைக் கொட்டினால் அந்த மிச்சம் எங்கே? பெரிய பொதிக்கு முன்னால் நின்று கிலோவுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதற்குப் போனிலேயே கணக்குப்பொறி இருக்கிறது. அதை அழுத்துவதற்கு யாரும் சோம்பக் கூடாது.

சேமித்து வைப்பதும் செலவுதான். ஐப்பசி பிறந்து தை கழியும்வரை எங்கள் காற்றில் தண்ணீர் நிற்கும். 2011 ஜனவரி வெள்ளத்தில் படுவான்கரையில் நெல்லும் சாமானும் தண்ணீரில் மிதந்ததைப் பார்த்தவர்கள் நிலத்தில் மூட்டை வைக்க மாட்டார்கள். பலகை அடித்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குவார்கள். காற்று சுற்றாத மூலையில் வைத்த செத்தல் மிளகாய் முதலில் காம்பில் வெண்பூஞ்சணம் பிடிக்கும். கையை விட்டுக் கிளறினால் அடியில் சூடு தெரியும். சூடு தெரிந்தால் அன்றே வெயிலில் கொட்ட வேண்டும். பருப்பில் வண்டு வந்ததை அடியில் படியும் மாத்தூள் காட்டிக் கொடுக்கும். வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது: மாரிக்கு முன் மொத்தமாக வாங்குவதென்றால் உப்பு, சவர்க்காரம், தேயிலை, சீனி. சீனியைக் காற்றுப் புகாத வாளியில் போடுங்கள். பருப்பு, மா, மிளகாய் ஒரு மாதத் தேவைக்கு மேல் வேண்டாம். வெங்காயம் பத்து நாளைக்கு.

வெங்காயம் பற்றிச் சொல்லும்போது ஒன்று. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியதும் இங்கே விலை பறந்தது. சீனியும் அப்படித்தான்: அதற்கான விசேட வரி 2020 ஒக்டோபரில் கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாக ஒரே இரவில் இறங்கியது. 2023 நவம்பரில் 25 சதத்திலிருந்து திரும்ப 50 ரூபாயாக ஒரே இரவில் ஏறியது. இப்படிப்பட்ட இரவுகளில் களஞ்சியம் வைத்திருப்பவனுக்கு அதிர்ஷ்டமோ நட்டமோ வந்து சேரும். வீட்டுக்காரர் அந்தச் சூதாட்டத்துக்குள் போகத் தேவையில்லை. விலை ஏறப்போகிறது என்ற வதந்தியில் ஆறு மாதச் சீனியை வாங்கி வைத்த வீடுகளில் பாதிச் சீனியை எறும்புதான் தின்றது.

ஒன்லைனால் செய்ய முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அது கடன். எங்கள் ஊரில் கடன் கொப்பி வெள்ளாமையோடு ஓடுகிறது. விதைக்கும்போது பற்று, வெட்டியதும் வரவு. போன் கடையில் காசை முதலில் வை, அல்லது சாமான் வந்ததும் வை. கூலிக்குப் போகிறவர் பின்னேரம் வந்து நூறு கிராம் பருப்பு, ஐம்பது கிராம் தேயிலை, ஒரு சின்னச் சம்பூப் பக்கெற் என்று வாங்குகிறார். கிலோவுக்குப் பார்த்தால் அவர்தான் ஊரிலேயே கூடிய விலை கொடுப்பவர். மொத்தமாக வாங்கி மிச்சம் பிடி என்று அவருக்குப் புத்தி சொல்வதற்கு எனக்கு வாய் வருவதில்லை. மொத்தமாக வாங்குவதற்கு முதலில் மொத்தமாகக் காசு வேண்டும். 2023இல் அரசாங்கம் தொடங்கிய அஸ்வெசும நலன்புரிக் காசு வங்கியில் விழும் நாளில் மட்டும் அதே ஆள் ஒரு கிலோவாக வாங்குவார்.

இதற்கு ஒரு வழியிருக்கிறது, அது புதிதும் அல்ல. சேர்ந்து வாங்குவது. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேலில் 28 பேர் காசு சேர்த்து மாவும் வெண்ணெயும் சீனியும் ஓட்ஸ் மாவும் விற்கும் கடையைத் திறந்தார்கள். உலகக் கூட்டுறவுக்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். இலங்கையில் 1957இல் பிலிப் குணவர்தன விவசாய, உணவு அமைச்சராக இருந்தபோது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை உருவாக்கினார். எங்கள் பெரியவர்கள் பங்கீட்டுக் கூப்பனைக் கொண்டுபோய்ச் சங்கக்கடையில் அரிசி எடுத்த கதையை இன்றும் சொல்வார்கள்; 1979இல் உணவு முத்திரை வந்ததும் அந்தப் பழைய பங்கீடு முடிந்தது. சங்கக்கடைகள் பல இடங்களில் தூங்கிவிட்டன. ஆனால் சாமான் சீட்டு தூங்கவில்லை. சித்திரை வருஷத்துக்கு, தீபாவளிக்கு, முஸ்லிம் ஊர்களில் நோன்புக்கு என்று மாதாமாதம் கொஞ்சம் கட்டி, தவணை முடிவில் எல்லாருக்கும் சமமாக ஒரு பொதி. சீட்டுப் பிடிப்பவர் பெரும்பாலும் ஒரு பெண். மொத்தக் கடையில் பேரம் பேசுவதில் அவர்களுக்கு முன்னால் நானே நிற்க மாட்டேன்.

எங்கள் ஊரில் இப்போது அந்தச் சீட்டும் போனும் சேர்ந்துவிட்டன. முன்பள்ளியில் படிப்பிக்கும் ஒரு பிள்ளை பன்னிரண்டு வீட்டுக்கு ஓடர் சேர்க்கிறா. பாரமான சாமான் காத்தான்குடி முதலாளியின் வட்ஸ்அப்புக்குப் போகிறது. இலேசான சாமான் தளத்தில் ஒரே முகவரிக்கு ஒரே பொதியாக வருகிறது. கூரியர் காசு பன்னிரண்டாகப் பிரியும். முகவரி என் கடைதான். கோயிலுக்குப் பின்னால் மாமரத்தடி வீடு என்றால் கூரியர்காரத் தம்பி எங்கே தேடுவான்? என்னோடு போட்டி போடும் கடைகளின் பொதிகள் என் விறாந்தையில் இறங்குவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. பொதி எடுக்க வருகிறவர்கள் பனிசும் சோடாவும் வாங்கிக்கொண்டு போகிறார்கள், நான் வருத்தப்படவில்லை.

பருப்பு மூட்டை பிரிக்கும் நாள் பார்க்க வேண்டும். முதலில் மூட்டையோடு நிறுப்போம். அளவீட்டுத் திணைக்களம் முத்திரை குத்திய தராசில்தான். வீட்டுத் தராசை யாரும் நம்ப மாட்டார்கள். பிறகு தையலின் சரியான நூலைப் பிடித்து ஒரே இழுப்பு. முழுத் தையலும் கழன்று வரும். தவறான நூலை இழுத்தால் முடிச்சு விழும், கத்தி வேண்டும், சாக்கும் போகும். கொட்டிய பின் வெறும் சாக்கை நிறுத்துக் கழிப்போம். 25 கிலோ மூட்டையில் முந்நூறு கிராம் குறைவது புதினமல்ல. வீட்டுக்கு இரண்டு கிலோ என்று 24 கிலோ அளந்ததும் மிஞ்சுவது கோயிலுக்கு, அம்மன் குளிர்த்திச் சடங்குக்குப் பொங்க. இந்த ஒழுங்கைப் போட்ட பிறகு மிச்சம் யாருக்கென்ற சண்டை இல்லை. சாக்கு மட்டும் முறை வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் போகும். வெளியார் சிரிக்கலாம், நல்ல சாக்குக்கு இங்கே மதிப்பு உண்டு.

ஒன்லைனில் வந்தது எல்லாமே நன்றாக வந்ததென்று சொல்ல மாட்டேன். ஒரு விற்பனையாளர் அனுப்பிய தேங்காயெண்ணெய்ப் போத்தல் உடைந்து, அதே பெட்டியிலிருந்த தேயிலை முழுவதும் எண்ணெயாகி வந்தது. பெயர் வேண்டாம். பெட்டியைத் திறக்கும்போது எடுத்த வீடியோ இருந்ததால் காசு திரும்பியது. அதன் பிறகு கத்தி வைக்க முதல் போனை நிமிர்த்தி வைப்பதுதான் முதல் வேலை. இன்னொரு முறை மலிவாக வந்த ரின்மீன் காலாவதியாக இரண்டு மாதம்தான் இருந்தது. மலிவுக்கு அதுவே காரணம். கடையில் என்றால் ரின்னைத் திருப்பிப் பார்ப்போம். போனிலும் திருப்பிப் பார்க்கலாம்: திகதி தெரியும்படி படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், தராதவரிடம் வாங்காதீர்கள். பொதியில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் யார் விற்றாலும், கடையோ தளமோ, நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். கடைக்காரனே இதைச் சொல்கிறேன்.

கட்டாரிலும் குவைத்திலும் வேலைக்குப் போன பிள்ளைகள் அங்கிருந்தே போனில் தெரிவு செய்து தாய்க்குச் சாமான் அனுப்புவதும் நடக்கிறது. அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கொழும்பிலிருந்து பத்துக் கிலோ அரிசியை நெல் விளையும் ஊருக்கு அனுப்பாதீர்கள். 2024 டிசம்பரில் வர்த்தமானியில் போட்ட உச்ச விலை நாட்டரிசி கிலோ 230 ரூபாய். அதன்மேல் கூரியரையும் ஏற்றினால் அம்மா உண்பது என்ன விலைச் சோறு என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். அந்தக் காசை அனுப்புங்கள். மாசி, பங்குனியில் வெள்ளாமை வெட்டியதும் இரண்டு மூன்று வீடு சேர்ந்து நெல்லாக வாங்கி, அவித்து, ஊர் ஆலையில் குற்றி எடுக்கட்டும். தவிடும் குறுணலும் கோழிக்கு மிஞ்சும்.